தளபதி லால்: ஒரு விமானப்படைத் தலைவரின் உத்தியோக வரலாறு

இலங்கையின் வன்னியிலுள்ள வற்றாப்பளையிலும் அதன் அயற்கிராமங்களான முள்ளியவளை, தண்ணீரூற்று, கேப்பாப்புலவு முதலியவற்றிலும் வாழ்கின்ற நடுவயதினர் எவரோடும் சிறிது நேரம் உரையாடினால், விமானத்தைக் கண்ணால் காண்பதற்கு முன்பே காதால் இனங்கண்டுகொள்ளும் ஒரு வித்தையை, விரும்பியன்று, யுத்தகாலத்தின் நிர்ப்பந்தத்தால் அவர்கள் கற்றிருப்பதை உணரலாம். தலைக்கு மேலே இரைந்துகொண்டு சுற்றும் ஆளில்லா வேவு விமானத்துக்கு 'வண்டு' என்றும், அசைந்து அசைந்து வந்து குண்டை உருட்டிவிட்டுப் போகும் கனத்த விமானத்துக்குச் 'சகடை' என்றும், காது செவிடுபடப் பாய்ந்து வரும் ஜெற் விமானம் எந்த நாட்டில் செய்யப்பட்டதாயினும் அதற்குக் 'கிபிர்' என்றும் பெயரிட்டு, வண்டு சுற்றத் தொடங்கினாலே பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்கிவிடும் பழக்கம் இந்த மண்ணில் ஒரு தலைமுறைக்கு இருந்தது. இவ்வாறு ஆகாயத்தைக் கீழே நின்று பார்த்தே பழகிய ஜனங்கள், மேலே விமானத்தை அனுப்புகின்ற மனிதன் எவ்விதமாகச் சிந்திக்கிறான், எதை எண்ணி அந்தக் கட்டளையில் கையொப்பமிடுகிறான், பதவி நீங்கிய பின்னர் தன் செய்கைகளைத் தானே எப்படி மதிப்பிடுகிறான் என்பவற்றை அறிவதற்கு அதிகம் சந்தர்ப்பம் பெற்றதில்லை. அந்தக் குறையைச் சிறிதேனும் போக்கக்கூடிய ஒரு சரித்திரம் நமது அயல்நாட்டில் உண்டு. இந்திய விமானப்படையின் தலைவராக 1969 முதல் 1973 வரை இருந்து, வங்காள தேசம் பிறந்த யுத்தத்தை நடத்தி, ஓய்வு பெற்ற பின்பு தம் படையின் குறைகளையும் ஒளிக்காமல் எழுதிவைத்த ஏர் சீஃப் மார்ஷல் பிரதாப் சந்திர லால் என்பவரின் வரலாறே அது.

1917 டிசம்பர் 6ஆம் தேதி பிறந்த லால், பள்ளிப் பருவத்திலேயே, 1934ஆம் ஆண்டில், விமானம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் பெற்று, இந்தியாவின் மிக இளைய விமானி என்று பெயரெடுத்தவர். அந்தக் காலத்தில் விமானம் ஓட்டுவது செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் விநோதமாக இருந்ததே தவிர, அதை ஒரு ஜீவனோபாயமாக எவரும் கருதவில்லை. லாலும் அப்படிக் கருதியதாகத் தெரியவில்லை. இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்குச் சென்று பத்திரிகைத் தொழில் படித்தார். 1939இல் இரண்டாம் உலக யுத்தம் மூண்டதும் படிப்பெல்லாம் ஒரு பக்கம் நிற்க, விமானம் ஓட்டத் தெரிந்த இளைஞர்களைத் தேடிக்கொண்டிருந்த விமானப்படை அவரை அழைத்துக்கொண்டது.

ஆயினும், ஏற்கெனவே ஓட்டத் தெரிந்த அவரைப் படை முதலில் விமானியாக வைத்துக்கொள்ளவில்லை. நவிகேட்டராக, அதாவது வரைபடமும் திசைகாட்டியும் கடிகாரமும் கொண்டு, காற்றின் போக்கையும் கணக்கில் எடுத்து, விமானம் இந்த நிமிஷத்தில் பூமியின் எந்த இடத்துக்கு மேலே இருக்கிறது என்று கணித்துச் சொல்பவராக, அவரைப் பயிற்றி, பின்பு அந்தக் கலையையே பிறருக்குப் போதிக்கும் ஆசிரியராகவும் சில வருஷங்கள் வைத்திருந்தது. போர்விமானிகளின் உலகத்தில் நவிகேட்டருக்கு உள்ள மதிப்புச் சற்றுக் குறைவு. கீர்த்தியெல்லாம் ஓட்டுகிறவனுக்கே உரியது. ஆனால் லாலின் பிற்கால நடவடிக்கைகள் அனைத்தையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் எனக்கு, நிற்கும் இடத்தையும் போகும் இடத்தையும் நிச்சயம் செய்துகொள்ளாமல் ஓரடியும் நகரக்கூடாது என்ற புத்தி அவருக்கு அந்த நவிகேட்டர் மேசையின் முன்னால்தான் படிந்தது என்றே தோன்றுகிறது.

1943இல் அவர் ஏழாம் இலக்க ஸ்குவாட்ரனில் சேர்ந்து, பர்மா எல்லையில் ஜப்பானியரோடு நடந்த போரில் 'வெஞ்சன்ஸ்' என்ற அமெரிக்க விமானத்தை ஓட்டினார். அந்த விமானத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். செங்குத்தாகக் கீழ்நோக்கிப் பாய்ந்து குண்டு போடுவதற்கென்றே அமைக்கப்பட்டது அது. தலைகீழாகப் பாயும்போது வழிவிலகாமல் நேரே இறங்கவேண்டும் என்பதற்காக அதன் இறக்கைகளை உடலோடு எவ்விதச் சாய்வுமின்றிப் பொருத்தியிருந்தார்கள். அதன் விளைவாக, மட்டமாகப் பறக்கும்போது மூக்கை எந்நேரமும் உயர்த்திக்கொண்டே செல்லும் விகாரமான தோற்றம் அதற்கு வாய்த்தது. இலக்குக்கு நேர் மேலே வந்ததும் விமானி அதைப் புரட்டித் தலைகீழாக்கி, பூமி முகத்தை நோக்கி எழுந்து வருவதைப் பார்த்துக்கொண்டே இறங்கி, குண்டை விடுவித்து, முழுப்பலத்தோடு இழுத்து நிமிர்த்தவேண்டும். தாம் போடுவது எதன்மீது விழுகிறது என்பதை இவ்வளவு அருகில் பார்த்த விமானிகள் சிலரே. 1944இல், இம்பாலிலும் கொஹிமாவிலும் ஜப்பானியப் படை முற்றுகையிட்டிருந்த அந்த ஆண்டில், ஸ்குவாட்ரனின் தலைமையே அவரிடம் வந்தது. அந்தப் போரில் ஆற்றிய சேவைக்காகச் சிறப்புப் பறப்புச் சிலுவை என்ற விருதும் கிடைத்தது.

யுத்தத்துக்குப் பின் வந்த வருஷங்களை விரைவாகக் கடந்துவிடலாம். ஒன்றை மட்டும் விடமுடியாது. அரசாங்கம் உள்நாட்டு விமான சேவைகளையெல்லாம் தேசியமயமாக்கி அமைத்த இந்தியன் ஏர்லைன்ஸ் கூட்டுத்தாபனத்தின் பொது முகாமையாளராக, படையிலிருந்து இரவலாக அனுப்பப்பட்டு, 1950களின் பிற்பகுதியிலிருந்து சில ஆண்டுகள் அவர் கடமையாற்றினார். மீண்டு வந்தபோது, அக்காலத்துப் பாதுகாப்பு மந்திரி வி. கே. கிருஷ்ண மேனனின் அதிருப்திக்கு ஆளாகி, 1962இல் சேவையிலிருந்தே நீக்கப்பட்டார். அத்தோடு அவருடைய உத்தியோக வாழ்க்கை முடிந்திருக்கவேண்டும். முடியாமற் போனதற்குக் காரணம் சீனா. அவ்வாண்டு ஒக்டோபரில் சீனப்படை இமயமலை எல்லையைத் தாண்டி வந்தது. இந்தியப் படை பின்வாங்கியது. நவம்பரில் மேனன் பதவி விலகினார். லாலின் பதவிநீக்கம் ரத்தாகி, அவர் மறுபடியும் சீருடை அணிந்தார். அந்த யுத்தம் முழுவதிலும் இந்தியா தன் போர்விமானங்களைத் தாக்குதலுக்கு அனுப்பவில்லை என்பதையும், சரக்கு விமானங்களும் ஹெலிகொப்டர்களுமே மலைகளில் அகப்பட்ட சிப்பாய்களுக்கு அரிசியும் தோட்டாவும் கொண்டுபோயின என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. விமானப்படையை எதற்காக வைத்திருக்கிறோம் என்ற கேள்விக்கு டில்லியில் அன்று எவரிடமும் தெளிவான பதில் இருக்கவில்லை.

அந்தக் கேள்வி மூன்று ஆண்டுகளில் மறுபடி எழுந்தது. 1965இல் பாகிஸ்தானோடு யுத்தம் மூண்டபோது விமானப்படைத் தலைவர் அர்ஜன் சிங். அவருக்கு அடுத்த உபதலைவர் லால். செப்டம்பர் 1ஆம் தேதி காஷ்மீர எல்லையிலுள்ள சம்ப் பகுதியில் பாகிஸ்தானின் டாங்கிகள் திடீரென்று முன்னேற, பிற்பகலில் தரைப்படை உதவி கேட்க, பாதுகாப்பு மந்திரி சவாண் சில நிமிஷங்களிலேயே சம்மதம் கொடுக்க, பொழுது சாயும் வேளையில் பதான்கோட்டிலிருந்து விமானங்கள் எழுந்தன. அவற்றுள் வாம்பயர் என்ற பழைய வகை விமானங்களும் இருந்தன. எதிரியின் சேபர் விமானங்கள் அவற்றில் நான்கைச் சுட்டு வீழ்த்திவிட்டன. ஐந்து நாள் கழித்துப் பாகிஸ்தானிய விமானங்கள் அதே பதான்கோட்டுக்கு வந்து, வரிசையாக நிறுத்தி வைத்திருந்த பத்து விமானங்கள் வரை தரையிலேயே எரித்துவிட்டுப் போயின. அதற்கு மறுநாள் கிழக்கே கலைக்குண்டாவிலும் அதே கதை நிகழ்ந்தது.

இதில் விமானிகளின் தைரியத்துக்கு எந்தக் குறைவும் இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. தரைப்படையும் விமானப்படையும் ஒரு மேசையில் அமர்ந்து, யுத்தம் வந்தால் யார் எதைச் செய்வது என்று ஒரு திட்டமும் வகுத்திருக்கவில்லை. தரைப்படை தன் போரைத் தானே நடத்திக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தது, விமானப்படை தன் போரைத் தனியே எண்ணிக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் லால் எழுதிய நூலில் இந்த உண்மை மூடி மறைக்கப்படாமல் பேசப்படுகிறது. வெற்றி தோல்வி தெளிவில்லாமல் முடிந்த ஒரு யுத்தத்தை வெற்றியென்று கொண்டாடிப் பதக்கம் குத்திக்கொள்வது எந்தத் தேசத்திலும் எளிது. உபதலைவராக இருந்து அதை நடத்தியவரே அதில் இன்ன இன்ன பிழைகள் இருந்தன என்று எழுதுவது அருமையிலும் அருமை. அவரை நான் மதிப்பதற்கு முதற் காரணம் அவருடைய வெற்றிகளைக் காட்டிலும் இதுவே.

1966இல் பெங்களூரிலுள்ள ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் என்ற விமானத் தொழிற்சாலையின் தலைமைப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. யுத்தத்தில் நல்ல பெயர் எடுத்த 'நாட்' என்ற சின்னஞ்சிறு போர்விமானம் அங்கே தயாராயிற்று. சோவியத் நாட்டின் மிக்-21 விமானத்தை இந்தியாவிலேயே செய்யும் ஏற்பாடும் அந்த ஸ்தாபனத்தின் கீழ் நாசிக், கோராபுட், ஹைதராபாத் என்று மூன்று ஊர்களில் பரவி வளர்ந்துகொண்டிருந்தது. போர்விமானிகளிற் சிலர் இப்படிப்பட்ட பதவியை வனவாசம் என்று கருதுவார்கள். ஆனால் ஒரு விமானத்துக்கு ஒரு சிறு பாகம் வந்து சேராவிட்டால் அது ஒரு மாதம் தரையில் கிடக்கும் என்பதையும், ஒரு பயணி விமானம் குறித்த நேரத்தில் எழும்புவதற்குப் பின்னால் எத்தனை பேரின் கணக்கும் கவனமும் இருக்கிறது என்பதையும், விமானச் சேவையிலும் தொழிற்சாலையிலும் இருந்து கண்ணாரக் கண்ட ஒருவர் படைத்தலைவராக வருவது அப்படைக்குக் கிடைத்த பாக்கியம் என்றே கொள்ளவேண்டும். 1969 ஜூலை 16ஆம் தேதி, அமெரிக்கர் மூவர் சந்திரனை நோக்கிப் புறப்பட்ட அதே நாளில், லால் இந்திய விமானப்படையின் தலைவரானார்.

தலைவரானதும் அவர் செய்த முதற் காரியம், படையின் நோக்கங்களை வரிசைப்படுத்தியது. நாட்டின் ஆகாயத்தையும் விமானத்தளங்களையும் காப்பது முதலாவது. தரைப்படைக்கும் கடற்படைக்கும் துணை நிற்பது அதற்கு அடுத்தது. தூரத்து நகரங்களுக்குப் போய்க் குண்டு வீசிவிட்டு வருவது இவற்றுக்குப் பின்னால் நிற்கவேண்டியது. விமானப்படையின் பெருமையே எதிரியின் நாட்டுக்குள் ஆழப் புகுந்து அடிப்பதில்தான் இருக்கிறது என்று நம்பியவர்கள் எல்லா நாடுகளிலும் இருந்த காலத்தில் இப்படி வரிசைப்படுத்துவதற்குத் தன்னம்பிக்கை வேண்டும். தரைப்படைத் தலைமையகங்களோடு விமானப்படை அதிகாரிகள் சேர்ந்திருந்து அங்கேயே தீர்மானம் எடுப்பதற்கு வழி செய்யப்பட்டது. திறந்த வெளியில் வரிசையாக நின்ற விமானங்களுக்குத் தனித்தனியே மறைவிடங்கள் கட்டி முடிக்கப்பட்டன. போர்த்தந்திரங்களைப் பரீட்சித்துக் கற்பிப்பதற்கென்றே 1971 பெப்ரவரியில் ஆதம்பூரில் ஒரு தனிப்பிரிவு தொடங்கியது. தரைப்படைத் தலைவர் மானெக்ஷாவும், கடற்படைத் தலைவர் நந்தாவும், லாலும் 1971 முழுவதும் இடைவிடாமல் கலந்தாலோசித்தார்கள். 1965இல் இல்லாதிருந்தது இதுதான்.

அந்த ஆண்டு நமது தீவும் இக்கதைக்குள் வந்துபோயிற்று. ஜனவரி இறுதியில் இந்திய விமானமொன்று லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டதைத் தொடர்ந்து, பாகிஸ்தானிய விமானங்கள் இந்திய ஆகாயத்தின்மீது பறப்பதை இந்தியா பெப்ரவரியில் தடைசெய்தது. கராச்சியிலிருந்து, பின்பு வங்காள தேசமான கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவுக்கு நேரே சென்றவை, இந்தியாவின் தென்முனையைச் சுற்றிக் கடல்மேல் வந்து, கட்டுநாயக்காவில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பின்பு வடகிழக்கே செல்லவேண்டியதாயிற்று. ஏப்ரலில் தெற்கே மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தபோது, சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் உதவி கேட்க, இந்தியா தன் விமானப்படை ஹெலிகொப்டர்களை அனுப்பியது, பாகிஸ்தானும் அனுப்பியது. எட்டு மாதத்துக்குள் ஒன்றையொன்று தாக்கப்போகும் இரண்டு படைகளின் ஹெலிகொப்டர்கள் ஒரே இலங்கை அரசாங்கத்துக்குப் பணிசெய்த அந்த வசந்தகாலத்தைப் பற்றி நமது பாடப்புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை.

டிசம்பர் 3ஆம் தேதி மாலையில் பாகிஸ்தானிய விமானங்கள் அமிர்தசரஸ், பதான்கோட், ஸ்ரீநகர் முதலிய மேற்குத் தளங்களைத் தாக்கின. 1965இல் தரையில் எரிந்ததுபோல இம்முறை எரியவில்லை. விமானங்கள் மறைவிடங்களுக்குள் இருந்தன. மறுநாள் கிழக்கில் டாக்காவின் தேஜ்காவ் விமானத்தளத்தின்மீது தாக்குதல் தொடங்கிற்று. ஆகாயச் சண்டையில் விமானத்தை விமானம் துரத்தி வீழ்த்துவதைக் கதையாகக் கேட்பவர்களுக்கு அது சுவாரசியமாக இருக்கும். ஆனால் ஓடுபாதையில் இரண்டு ஆழமான பள்ளங்களைத் தோண்டிவிட்டால், அந்தத் தளத்தில் இருக்கும் விமானங்கள் எத்தனை சிறப்பானவையாயினும் எழும்ப வகையின்றி நின்றுவிடும். மிக்-21 விமானங்கள் ஆளுக்கு இரண்டு 500 கிலோ குண்டுகளைச் சுமந்து சென்று, சரிவாகப் பாய்ந்து ஓடுபாதையைக் குழிதோண்டின. கிழக்குப் பாகிஸ்தானில் இருந்தது ஒரே ஒரு சேபர் ஸ்குவாட்ரன். டிசம்பர் 6ஆம் தேதிக்குப் பிறகு அது பறக்கவே இல்லை. அதன்பின் அந்த வானம் முழுவதும் இந்தியாவுக்கே உரியதாயிற்று.

அந்த வசதியினால் என்ன நடந்தது என்பதை மேக்னா நதிக்கரையிற் பார்க்கலாம். ஆசுகஞ்சில் பாலத்தைப் பாகிஸ்தானியப் படை தகர்த்துவிட்டுப் பின்வாங்கியது; அவ்வளவு அகலமான நதியைத் தாண்ட மாற்றுப் பாலம் கட்டவேண்டுமானால் வாரக்கணக்காகும். தரைப்படையின் ஜெனரல் சகத் சிங்கும், விமானப்படையின் குரூப் கப்டன் சந்தன் சிங்கும் கூடியிருந்து திட்டம் வகுத்து, பத்துப் பன்னிரண்டு மி-4 ஹெலிகொப்டர்களைக் கொண்டு, டிசம்பர் 9 முதல் சிப்பாய்களை அக்கரையில் இறக்கத் தொடங்கினார்கள். டில்லியிலிருந்து கட்டளை வரும்வரை காத்திருக்கவேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை. அந்த இடத்திலேயே தீர்மானிக்கும் அதிகாரத்தைப் பகிர்ந்து கொடுத்திருந்ததே லாலும் மானெக்ஷாவும் செய்த ஆயத்தத்தின் பலன்.

டிசம்பர் 14ஆம் தேதிச் சம்பவம் பிரசித்தமானது. டாக்காவில் கிழக்குப் பாகிஸ்தானின் ஆளுநர் மாலிக் தலைமையில் முக்கியமான கூட்டம் ஒன்று நடக்கவிருப்பதாக இடைமறித்த செய்தியொன்றிலிருந்து தெரியவந்ததும், குவாஹாத்தியிலிருந்த 28ஆம் இலக்க ஸ்குவாட்ரனின் விமானிகளுக்கு அந்தக் கட்டடத்தைத் தாக்கும் கட்டளை வந்தது. அந்நகரத்தின் இராணுவ வரைபடம் எதுவும் அவர்களிடம் இருக்கவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்காக அச்சிட்ட டாக்கா நகர வரைபடமொன்றைக் கையில் கொடுத்தார்கள். தலைமை விமானி பிஷ்னோய் ஆசனத்தில் அமர்ந்து புறப்படும் தறுவாயில், கூட்டம் வேறொரு கட்டடத்துக்கு, ஆளுநர் மாளிகைக்கு, மாற்றப்பட்டதாக ஒருவர் ஓடிவந்து சொன்னார். நான்கு மிக் விமானங்கள் மாளிகையின் கூரையினூடே றொக்கெற்றுகளைச் செலுத்தின. உள்ளேயிருந்த ஆளுநர் அன்றே ஒரு துண்டுக் காகிதத்தில் இராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு, செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் இருந்த ஹோட்டலுக்குச் சென்றார். இரண்டு நாளில் பாகிஸ்தானியப் படை சரணடைந்தது.

இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போது, மற்ற வாசகர்கள் அந்த விமானிகளின் சாமர்த்தியத்தை வியந்துவிட்டு மேலே சென்றுவிடக்கூடும். வன்னியில் வாழும் நாங்கள் அவ்வளவு சுலபமாகக் கடந்து செல்ல இயலாது. இலட்சக்கணக்கான ஜனங்கள் நிறைந்த நகரத்தில், ஒரு சுற்றுலா வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு, கடைசி நிமிஷத்தில் மாறிய ஓர் இலக்கைத் தேடிப் போவதில் ஒரு தெருவுக்கு அடுத்த தெருவென்று பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைவே எங்களுக்கு முதலில் வருகிறது. வற்றாப்பளையில் கோயில் கொண்டிருக்கும் கண்ணகியம்மன், மதுரையை எரித்த அந்த மகா கோபத்தின் நடுவிலும், முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடும்படி அக்கினிக்குக் கட்டளையிட்டவள் என்பதை வைகாசி விசாகப் பொங்கலுக்கு வரும் ஜனங்கள் அறிவார்கள். யாரை எரிக்கக்கூடாது என்பதை எரிப்பதற்கு முன்னரே சொல்லிவைக்கவேண்டிய பொறுப்பு, நெருப்பை அனுப்புகிறவருக்கு உரியது. எந்த நாட்டு விமானப்படைத் தலைவனையும் அளப்பதற்கு நந்திக்கடலோரத்து மனிதனிடம் இதைவிட வேறு அளவுகோல் இருக்க நியாயமில்லை. அந்த அளவுகோலுக்கு முன்னாலும் லாலின் வரிசைப்படுத்தல் ஓரளவு நின்று பதில் சொல்கிறது என்பது என் அபிப்பிராயம்: நகரங்களைத் தாக்குவதைப் பின்னுக்குத் தள்ளி, ஓடுபாதைகளையும் போர்க்களத்தையும் முன்னுக்கு வைத்தது யுத்த சாமர்த்தியம் கருதிய முடிவாக இருந்தபோதிலும், அதனாற் பிழைத்த உயிர்கள் உயிர்களே.

1973 ஜனவரியில் லால் ஓய்வு பெற்றார். பத்ம விபூஷண் விருது அதற்கு முந்திய ஆண்டிலேயே வந்திருந்தது. ஓய்வு பெற்ற தளபதிகள் பலருக்குக் கிடைக்கும் அமைதியான பிற்காலம் அவருக்குக் கிடைக்கவில்லை. உடனேயே இந்தியன் ஏர்லைன்ஸின் தலைமையை ஏற்று, அவ்வாண்டு நவம்பரில் தொழிலாளர் தகராறு முற்றிக் கதவடைப்பு வரை சென்ற காலத்தை நடத்தவேண்டியிருந்தது. அவசரநிலைக் காலத்தில் போயிங் விமானங்கள் வாங்கும் விஷயத்தில் மேலிடத்துக் குறுக்கீடுகள் நிகழ்ந்தன. அவை பின்னர், அவசரநிலைக் கால அத்துமீறல்களை ஆராய்ந்த ஷா ஆணைக்குழுவின் விசாரணைக்கு வந்தன. அந்தச் சூழலில் அவர் பதவியை விட்டு வெளியேறினார். 1978 பெப்ரவரியில், மொரார்ஜி தேசாயின் அரசாங்கம் ஏர் இந்தியாவின் தலைமையிலிருந்து ஜே. ஆர். டி. டாட்டாவை நீக்கிவிட்டு லாலை நியமித்தது. 1932இல் தம் கையாலேயே கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டி வந்து அந்தச் சேவையைத் தொடங்கியவர் டாட்டா. லால் அப்போது டாட்டா குழுமத்தின் ஒரு கம்பனியிலேயே பணிபுரிந்துகொண்டிருந்தார். தாம் நீக்கப்படும் செய்தியை டாட்டா முதலில் அறிந்தது அரசாங்கத்தின் மூலமாக அன்று, லாலின் வாயிலாகவே. அரசாங்கம் காட்டாத மரியாதையை அந்த முன்னாள் தளபதி காட்டினார்.

லால் 1982இல் இலண்டனில் காலமானார். அவர் எழுதி வைத்திருந்த நினைவுகளை அவருடைய மனைவி ஏலா லால் ஒழுங்குபடுத்தி, 1986இல் ஆங்கில நூலாக வெளிவரச் செய்தார். அதைப் படிக்க வாய்ப்புக் கிடைக்கும் இளைஞர்கள் டாக்காவின் வெற்றியைச் சொல்லும் பக்கங்களுக்கு நேரே தாவிவிடாமல், 1965ஆம் ஆண்டைப் பற்றிய பகுதியை முதலில் படிக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள். டாக்காவின் வெற்றிக்கு வேண்டிய காரணங்கள் எல்லாம் அந்தப் பகுதியில் இருக்கின்றன.